பக்கத்து வீட்டுப் பாசி

தண்ணீரைப் பீறிட்டு அடிக்கும் பிரஷர் வாஷர் வாங்கிய முதல் கிழமையிலேயே வீட்டு முன்வாசல், பின்வளவு, குப்பைத் தொட்டிகள், காரின் அடிப்பகுதி என்று எல்லாவற்றையும் கழுவி முடித்துவிட்டேன். கழுவ இனி ஒன்றுமில்லை. கை துறுதுறுத்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஜப்பான்காரப் பெண்மணி, பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் பின்பக்கக் கேற்றின் திறப்பை எங்களிடம் தந்துவிட்டு, இரண்டு கிழமைக்கு ஊருக்குப் போனார்.

அவருக்கும் என் வயதுதான், ஐம்பதைத் தாண்டியவர். தனியாக இருப்பவர். லண்டனில் இந்த வால்தம்ஸ்டோவுக்கு நாங்கள் வந்த நாளிலிருந்து வேலிக்கு மேலால் சிரித்துக்கொள்வோம். அவருடைய பின்வளவில் பாவியிருந்த கற்களைப் பார்த்தேன். முழுக்கப் பாசி. பாவம், குனிந்து உரஞ்ச ஏலாமல் விட்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

“கேக்காமல் ஒண்டும் செய்யாதேங்கோ,” என்றாள் மனைவி.

“ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டுமப்பா.”

இரண்டு மணித்தியாலத்தில் கற்கள் பல் விளக்கியது போல வெளுத்துவிட்டன.

அவர் திரும்பி வந்த அன்று நான் வேலியடியில் சிரித்தபடி காத்து நின்றேன். பின்கதவைத் திறந்தவர் கனநேரம் பார்த்தார். “மிகவும் சுத்தமாக இருக்கிறது,” என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். தலை வணங்கி நன்றி சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“அவ அழுதவ,” என்றாள் மனைவி. “நான் யன்னலால பாத்தனான்.”

மறுநாள் காலை ஒரு பெட்டி லட்டுடன் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் தேநீர் ஊற்றித் தந்தார். அந்தப் பாசிக்குப் பதினொரு வயதாம். அவர் நட்டதில்லை. விழுந்த இலைகளைக் கையால் பொறுக்குவார். இடையில் முளைக்கும் புல்லைப் புருவம் திருத்தும் இடுக்கியால் பிடுங்குவார். மற்றதையெல்லாம் மழையும் நிழலும் பார்த்துக்கொண்டனவாம். “எங்கள் ஊரில் தோட்டத்தை முழுவதும் நாமே செய்துவிடுவதில்லை. மழைக்கும் நிழலுக்கும் ஒரு பங்கு விடுவோம்,” என்றார். கடித்த லட்டைத் தட்டில் வைத்துவிட்டேன்.

“இப்போது நான் என்ன செய்யட்டும்?”

“ஒன்றும் செய்ய வேண்டாம்.”

அதுதான் எனக்கு வராது. மோர் பூசினால் பாசி கெதியாக வளரும் என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். இந்த முறை கேட்டுவிட்டே செய்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். மனைவி ஒரு வாளி மோர் கரைத்துத் தந்தாள். ஒவ்வொரு கல்லுக்கும் தூரிகையால் பூசினேன். பின்னேரம் இரண்டு நரிகள் வேலி பாய்ந்து வந்து, முதல் கல்லிலிருந்து கடைசிக் கல் வரை ஆறுதலாக நக்கிவிட்டுப் போயின. மூன்று பேரும் அவருடைய குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“உப்புப் போட்டனீரோ?” என்று மனைவியிடம் கேட்டேன்.

“கைப்பழக்கத்தில கொஞ்சம் விழுந்திட்டுது. கறிவேப்பிலையும்தான்.”

அதை மனைவி ஆங்கிலத்தில் சொன்னபோது, அந்தப் பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பிறகு எனக்கு ஒரேயொரு வேலை தந்தார்: கிழமைக்கு ஒருமுறை இலை பொறுக்குவது. இலையுதிர் காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே முழங்காலில் நின்றேன். இலைகளை ஊதித் தள்ளும் மெஷின் ஒன்று வாங்கலாமா என்று ஒருமுறை கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

தை மாதத்து மழையில், இரண்டு கற்களுக்கு நடுவில், நகத்தளவு பச்சை தெரிந்தது. நான் போட்ட சத்தத்தில் மனைவி அகப்பையோடு ஓடிவந்தாள். அவர் குடையும் பூதக்கண்ணாடியுமாக வந்து குந்தியிருந்து ஆராய்ந்தார்.

“இது பழைய பாசி இல்லை. வேறு இனம்,” என்றார்.

என் முகம் விழுந்துவிட்டது. அதைக் கண்டு, “பரவாயில்லை, புதிதாக வந்திருக்கிறார். வணக்கம் சொல்லுங்கள்,” என்றார். பகிடியா உண்மையா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று நான் கை கூப்பி, நன்றாகக் குனிந்து, வணக்கம் சொன்னேன்.

“எங்கட அம்மாவுக்குக்கூட நீங்கள் இப்பிடிக் குனிஞ்சதில்லை,” என்றாள் மனைவி.