ரத்தினம்மா பிடுங்கி நட்ட கட்டை

புசல்லாவைக்கு மேலே, பஸ் ரோட்டில் இறங்கி முக்கால் மணி நேரம் மூச்சு வாங்க ஏறினால் வரும் தோட்டத்து வரிசை வீடான மேட்டு லயத்தில், ரத்தினம்மாவின் வாய்க்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் தோட்டத்துத் தொரை. அவருக்குத் தமிழ் விளங்காது. மற்றவர் அவள் புருஷன் கறுப்பையா. முப்பது வருஷமாகத் தேயிலை ஃபேக்டரி போய்லருக்கு விறகு தள்ளியதில் அவருக்குக் காது பாதி போய்விட்டது. மற்ற எல்லோரும், கங்காணி உட்பட, அவள் இடுப்பில் கை வைத்து நின்றால் வேறு பாதையால் போய்விடுவார்கள்.

அப்பேர்ப்பட்டவளையே ஒரே ஒரு கடிதத்துக்காக மூன்று மாதம் நாயாய் அலைய வைத்தார்கள்.

2007ஆம் வருஷம். யுத்தம் வடக்கில் நடந்தாலும் அதன் கரைச்சல் கண்டி வரைக்கும் வந்திருந்தது. ரத்தினம்மாவின் மகள் யசோதா கண்டியில் நளீர் முதலாளியின் புடவைக் கடையில் வேலை செய்தாள். எங்கோ ஒரு குண்டு வெடித்த மறுநாள், அவள் தங்கியிருந்த அறைக்குப் பொலிஸ் வந்து நான்கு தமிழ்ப் பெண்களைக் கூட்டிப்போய்ப் பகல் முழுக்க வாங்கில் உட்கார வைத்தது. யசோதாவின் அடையாள அட்டையில் தோட்டத்தின் பெயர் மட்டும்தான் இருந்தது. அறுநூறு குடும்பம் உள்ள தோட்டத்தில் எங்கே என்று கேட்டார்கள். "மேட்டு லயம், ஆறாம் காம்பரா" என்றாள். இதெல்லாம் ஒரு விலாசமா என்று சிரித்து, பொழுது சாய விட்டார்கள்.

நளீர் முதலாளி நல்ல மனிதர். அதனால் அன்பாகவே கெடு வைத்தார்: "மகள், மூணு மாசத்துக்குள்ள கிராம சேவகர்ட வதிவிடக் கடிதம் ஒன்டு கொண்டு வாங்க. இல்லாட்டி எனக்கும் கரைச்சல்."

கிராம சேவகர், காம்பரா அறைக்கு அரசாங்க இலக்கமில்லை, குடியிருப்பதாகத் தோட்ட ஆபீசில் துண்டு வாங்கி வா என்றார். தோட்டத்துக் கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "நிலமும் கம்பெனிட, காம்பராவும் கம்பெனிட. நீ குடியிருக்கன்னு இன்னைக்கு எழுதிக் குடுத்தா நாளைக்கு உரிமை கேட்ப."

நாலு தலைமுறை பிறந்து செத்த இடத்தில், இங்கே இருக்கிறாள் என்று சொல்ல ஒரு நாதி இல்லை.  கிளாக்கருடைய ஏழேழு தலைமுறையையும் லயத்துத் தண்ணீர்ப் பீலிக்கரையில் நின்று ரத்தினம்மா வைதாள். கிளாக்கர் வேறு பாதையால் வீட்டுக்குப் போனார். கடிதம் மட்டும் வரவில்லை.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் மலைக்கு எண்ணெய்க் குழாய் வரப்போவதாகப் பேச்சு வந்தது. கொழும்பிலிருந்து கம்பளை வரைக்கும் ஒரு குழாய், அங்கே பெரிய தொட்டி, தொட்டியிலிருந்து தேயிலை ஃபேக்டரிகளுக்குக் கிளைக் குழாய். குழாய் வராவிட்டால் நாடு இருண்டு போகும் என்றது ஒரு கட்சி. வந்தால் உலகமே வெந்து போகும் என்றது மற்றக் கட்சி. மண்ணெண்ணெய்க்குப் போத்தலோடு வரிசையில் நின்ற சனத்திடம் இரண்டு பக்கமும் வந்து உலகத்தைப் பற்றிப் பேசின. தேர்தல் வரும்போல் இருந்தது.

முதல் கூட்டம் குழாய் வேண்டும் என்ற கூட்டம். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் ராஜலிங்கம் சனத்தை லொறியில் ஏற்றினார். மேடையில் ஏறி, "இனி வெறகு இல்ல, பொக இல்ல! குழாயத் தொறந்தா எண்ண, போய்லர் பத்து நிமிஷத்துல சூடு!" என்று முழங்கினார். விறகு போனால் தன் வேலையும் போகும் என்பது காதில் விழாமல் கறுப்பையாவும் கைதட்டினார்.

ரத்தினம்மா எழுந்தாள். "தலைவரே, பைப்பு போற எடத்துல இருக்குற ஆளுகளுக்கு என்ன குடுப்பீங்க?"

"தனி வீடு! ஏழு பேர்ச் காணி! வீட்டுக்கு நம்பரு, கையில உறுதிப் பத்திரம்!"

நம்பர் என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அடுத்த ஞாயிறு, வேண்டாம் என்ற கூட்டம். அதே லொறி, அதே சனம். கண்டியிலிருந்து விவேகானந்தன் என்ற யாழ்ப்பாணத்து எஞ்சினியர் வந்திருந்தார். குரல் எழும்பாத மனிதர். "அக்கா, எண்ணெய் எரிய எரிய வானம் சூடாகும். மழை காலம் தப்பும். மழை தப்பினால் கொழுந்து எங்க வரும்?" என்றார்.

ரத்தினம்மாவுக்கு இது பொய்யாகப் படவில்லை. இரண்டு வருஷமாகப் பங்குனி மழை ஏமாற்றிவிட்டது. மலையில் கொழுந்தில்லாமல் நிறுவைக்குக் கிலோ தேறாத நாளிலெல்லாம் அரைப்பேர்தான் போட்டார்கள், அதாவது பாதி நாள் சம்பளம். "ஐயா சொல்றது நெசந்தாங்க, கொழுந்து ஆயிற எங்க கையே சொல்லுது" என்று ஒத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "பைப்ப நிப்பாட்டிப்புட்டு எங்களுக்கு என்ன பேப்பரு குடுப்பீங்க?"

"பேப்பரோ? குழாய் வராட்டி உங்களை ஒருத்தரும் எழுப்ப மாட்டினம். அதுதானே வேணும்?"

"எழுப்புறதுக்கு மொதல்ல, நாங்க அங்கன இருக்கோம்னு யாராச்சும் எழுதணும்ல?"

 "ஓம் அக்கா, அதை நான் யோசிக்கேல்லை" என்றார் எஞ்சினியர். மேடையில் ஏறிய ஒருவன் இப்படிச் சொன்னதை ரத்தினம்மா அன்றைக்குத்தான் கேட்டாள். அந்தக் கூட்டத்துச் சோற்றுப் பொதியில் முட்டையும் இருந்தது. என்ன செய்வது, நம்பர் இல்லையே.

பத்து நாளில் நில அளவைக்காரர்கள் வந்தார்கள். கட்டை அடித்துக்கொண்டு போனவன் கம்பளைப் பையன் றிஸ்வி. சிவப்புத் தலை போட்ட கட்டைகள், ஐம்பது அடிக்கு ஒன்றாய், மேட்டு லயத்துக்குக் கீழே தேயிலைக்குள்ளால் நேராக இறங்கின. ரத்தினம்மாவின் அவரைத் தோட்டத்துக்கும் அந்த வரிசைக்கும் நடுவே முப்பது அடிதான்.

தோட்டத்தில் எது தருவதென்றாலும் முதலில் அடையாளம் போடுவார்கள். கூரைத் தகரம் வந்தால், தகரம் கிடைக்கும் காம்பராவின் சுவரில் சுண்ணாம்புப் புள்ளடி விழும். கக்கூஸ் கட்டுவதென்றாலும் அப்படித்தான். புள்ளடி உள்ளவனுக்குச் சாமான், இல்லாதவனுக்குப் பல்லிளிப்பு. ஆகவே கட்டை எந்த வாசலில் நிற்கிறதோ அந்த வாசலுக்குத்தான் வீடு என்பதில் லயத்தில் ஒருவருக்கும் சந்தேகமில்லை.

மறுநாள் விடிய, வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் கூடும் முன்னே, ரத்தினம்மா கீழே இறங்கிக் கட்டையைப் பிடித்து ஆட்டினாள். எஞ்சினியர் சொன்ன மழை ஒரு நிமிஷம் நினைவுக்கு வந்து கையைத் தடுத்தது. "மழைக்கு வெலாசம் வேணாம். எம் புள்ளைக்கு வேணும்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பிடுங்கினாள். அவரைப் பந்தலுக்குப் பக்கத்தில் நட்டு, மண் அணைத்து, காலால் மிதித்துவிட்டுக் கொழுந்தாயப் போனாள்.

மூன்றே நாள். லயம் முழுக்கக் கட்டை முளைத்தது. கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் ஒன்று, பீலிக்கரையில் ஒன்று. ராஜலிங்கம் தலைவர் அல்லவா, அவர் வாசலில் இரண்டு. மாரியம்மன் மட்டும் வெயிலில் நிற்பதா என்று யாரோ கோயிலடியிலும் ஒன்று நட்டிருந்தார்கள்.

திரும்பி வந்த றிஸ்வி தலையில் கை வைத்தான். "யா அல்லாஹ்! இது பைப்பு போற பாதையா, ஆடு மேயப் போற பாதையா?"

அவனோடு வந்த கொழும்புப் பெரிய அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை. யுத்த காலம், எரிபொருள் குழாய், அரசாங்கக் கட்டை, பிடுங்கியவர்கள் தமிழர்கள். நாசவேலை என்று அவர் போனில் கத்தினார். ஒரு மணி நேரத்தில் ஜீப் வந்தது. லயத்தில் குஞ்சு குருமான் சத்தமில்லை. தலைவருக்கு அப்போதுதான் பல்வலி வந்தது.

அந்த நாளையில் ஜீப்பில் ஏறிய தமிழாள் எப்போது இறங்குவார் என்று யாரும் சொல்ல முடியாது.  ஆனாலும் ரத்தினம்மா முன்னால் வந்தாள். "மொதல்ல புடுங்குனது நாந்தாங்க. மத்ததுக எல்லாம் என்னப் பாத்துப் புடுங்குனதுக." கறுப்பையாவுக்கு இதுமட்டும் நன்றாகக் கேட்டது. அவர் அப்படியே குந்திவிட்டார்.

பொலிஸில் சார்ஜன் சிங்களத்தில் எழுத, றிஸ்வி மொழி மாற்றிச் சொன்னான். கம்பெனிக்குக் கெட்ட பெயர் வரக்கூடாதென்று கிளாக்கரும் கூடவே வந்து நின்றார்.

"பிடுங்கி எங்கே நட்டாய்?"

"எங்க அவரத் தோட்டத்துல."

"விலாசம்?"

"மேட்டு லயம், ஆறாம் காம்பராங்க."

கிளாக்கர் சிங்களத்திலேயே பாய்ந்து விழுந்தார். "சேர், அது அவளுடைய தோட்டம் இல்லை. கம்பெனிக் காணி. அப்படியே எழுதுங்கள்."

சார்ஜன் பேனையைக் கீழே வைத்தார். "ஆ, அப்ப பிடுங்கிய அரசாங்கக் கட்டை கிடந்தது கம்பெனிக் காணியிலா? சரி, நாசவேலைக்கு உன்னுடைய தொரையைக் கூப்பிடட்டுமா?"

கிளாக்கருக்கு வேர்த்துவிட்டது. "இல்லை சேர், இல்லை! அது ரத்தினம்மாவின் இடம்தான். அவள் பரம்பரையாக அங்கேதான் குடியிருக்கிறாள்."

"அப்படியானால் கையெழுத்துப் போடு."

போட்டார். றிஸ்வி இதைத் தமிழில் சொன்னதும் ரத்தினம்மா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். 

றிஸ்வி தன் பங்குக்கு, அளவெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, ஒரே நாளில் திரும்ப அடித்துவிடலாம், நட்டம் ஒன்றுமில்லை என்று சார்ஜனிடம் மன்றாடினான். சார்ஜன் அவளுடைய கொழுந்துக் கறை பிடித்த விரல்களைப் பார்த்தார்.  எழுதிய தாளைக் கையில் எடுத்து, "இந்த மனுஷியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? கிழித்துப் போடுகிறேன், வீட்டுக்குப் போகச் சொல்" என்றார்.

றிஸ்வி சந்தோஷமாகச் சொன்னான்: "அக்கா, கிழிக்கப் போறாராம். நீங்க போவலாம்."

"ஐயையோ, கிழிக்காதீங்க!" ரத்தினம்மா பாய்ந்து சார்ஜனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கேஸு போடுங்க சாமி. உள்ள வைக்கணும்னா வைங்க. அதுல ஒரு கொப்பி மட்டும் எம் புள்ளைக்குக் குடுங்க."

 சார்ஜன், என்ன சொல்கிறாள் என்று இரண்டு தரம் கேட்ட பிறகுதான் றிஸ்வி அதைச் சிங்களத்தில் சொன்னான்.  சார்ஜன் தாளை மேசையில் வைத்து முத்திரையைக் குத்தினார், கொப்பி ஒன்றும் கொடுத்தார்.

வழக்கு வந்தது. நீதவான் எச்சரித்து விடுவித்தார். குழாய் வரவில்லை. காசெல்லாம் யுத்தத்துக்குப் போயிற்று. இரண்டு கட்சியும் வென்றது தாங்கள்தான் என்று வெடி கொளுத்தின. அடுத்த பங்குனியிலும் மழை பெய்யவில்லை, அரைப்பேர்தான்.

நாலு தலைமுறையை நம்பாத கிராம சேவகர், பொலிஸ் முத்திரையைக் கண்டதும் எழுந்து நின்று கடிதம் எழுதிக் கொடுத்தார். அதை வாசித்த யசோதாவுக்கு அழுகை வந்துவிட்டது. "அம்மா, 'அரசாங்கக் கட்டை பிடுங்கிய குற்றச்சாட்டுக்குள்ளான மேற்படி ரத்தினம்மாவும் மகளும் மேற்படி இடத்தில் நிரந்தரமாக வசிப்பவர்கள்'னு எழுதியிருக்காரு. இத எப்பிடிம்மா மொதலாளிக்கிட்ட காட்டுறது? மானம் போயிரும்."

"மானத்த வுடுடி" என்றாள் ரத்தினம்மா. "அந்தக் கடேசியில என்னமோ சொன்னியே, அதத் திருப்பிப் படி."

"நிரந்தரமாக வசிப்பவர்கள்."

"இன்னொருக்காப் படி" என்றாள்.