பாசாருக்குப் போகாமல்

தொழிற்சாலையில் எங்கள் பிரிவை மூடிவிட்டார்கள். மறுநாளிலிருந்து எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. வருடக்கணக்கில் ஷிப்டுக்கு ஓடிப் பழகிய உடம்பு. விடியும் முன்பே எழுந்து, குளித்து, தலைவாரி, கேட்டைத் திறந்த பிறகுதான் எங்கும் போக வேண்டியதில்லை என்று நினைவுக்கு வரும். திறந்த கேட்டைச் சும்மா மூடுவதற்கு மனசு கேட்காது. விளக்குமாற்றை எடுத்து வாசலைக் கூட்ட ஆரம்பித்துவிடுவேன். நேற்றுக் கூட்டிய வாசல்தான். அதில் என்ன இருக்கப்போகிறது?

அந்த நேரம் பார்த்துத்தான் என் கணவர் சிங்கப்பூர் பேச்சை எடுத்தார். லூனாஸில் லோரி ஓட்டுகிறவர். அவர் கம்பெனியிலும் நடை குறைந்துகொண்டே வந்தது. கூட ஓட்டிய நண்பர் ஒருவர் சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்து, வா வா என்று போனில் நச்சரித்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு ஒரே மகள், ஈப்போவில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவளும் இல்லாமல் இவரும் இல்லாமல் அந்த வீட்டில் நான் மட்டும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆனால் வாயில் வந்தது வேறு.

"நீங்க ஒண்ணும் போக வேணாம். சமையலுக்கு வேண்டியத நானே வீட்டுல போட்டுக்குறேன். வர்றத வெச்சு ஓட்டிக்கலாம்" என்றேன்.

அவர் சிரித்தார். "தொட்டியில இருக்குற துளசியே ஒன்னப் பாத்தா வாடிப்போவுது. நீ காய்கறி போடப்போறியா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. போட்டுக் காட்டுகிறேனா இல்லையா பாருங்கள் என்று கத்தினேன். அவர் சமாதானமாகப் பேசுகிற ஆள். "சரிலா, தீபாவளி வரைக்கும் பாப்போம். அரிசியும் மீனும் நான் வாங்கிப் போடுறேன். மத்ததுக்குக் காய்கறிப் பாசார் பக்கம் போகாம ஒரு நாளாவது சமைச்சுக் காட்டு. அப்புறம் யோசிக்கலாம்" என்றார். நான் அதை வாக்காகவே எடுத்துக்கொண்டேன். நான் ஜெயித்தால் அவர் போக மாட்டார், அவ்வளவுதான் என் கணக்கு.

எங்களுடையது தாமான் குடியிருப்பில் வரிசைக் கடைசி வீடு. பக்கவாட்டில் கொஞ்சம் நிலம் உண்டு. நிலம் என்று சொல்வது மரியாதைக்கு. வீடு கட்டியவர்கள் கொட்டிவிட்டுப் போன செம்மண், உள்ளே உடைந்த ஓடும் சிமெண்டுக் கட்டியும். மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் கை அதிரும். தோட்டத்தில் பிறந்தவளுக்குச் செடி வைக்க யாராவது சொல்லித்தர வேண்டுமா என்று தெரிந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். சொல்லித்தரத்தான் வேண்டும். செர்டாங் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில், பால்மரக் காட்டில் பிறந்தேன், உண்மைதான். அங்கே நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: தரை சுத்தமாக இருக்க வேண்டும். மரத்தடியில் புல் மண்டினால் வேலையை மேற்பார்க்கும் கிராணி சத்தம் போடுவார். வீட்டு வாசலில் ஓர் இலை கிடந்தால் அம்மா சத்தம் போடுவாள். மண் தெரியக் கூட்டினால்தான் பொம்பளை இருக்கிற வீடு.

அப்படியே செய்தேன். புல் பூண்டு எல்லாவற்றையும் வழித்தெடுத்து, நிலத்தை மொட்டையடித்துவிட்டு, வெண்டை, கத்திரி, மிளகாய், கங்கோங் கீரை என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டேன். அதற்கப்புறம்தான் தொல்லை. விதை போட்டவள் காத்திருக்க வேண்டும். நான் எதற்குமே காத்திருந்து பழகியவள் இல்லை. காலையில் ஒரு தடவை போய்ப் பார்ப்பேன், பசியாறிவிட்டு ஒரு தடவை, துணி காயப் போடும்போது ஒரு தடவை. முளைக்கிறதா இல்லையா என்று விரலால் கிளறிப் பார்த்து, வெண்டை விதையில் பாதியை நானே கொன்றேன். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கக் கூடாதா என்பார்கள். எனக்கு ஆக்கவே பொறுமை கிடையாது.

முளைத்தது மெதுவாக வளர்கிறதே என்று இன்னொரு கூத்தும் நடந்தது. என் அண்ணன் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறான். அவனைக் கேட்டு ஒரு வாளி பாஜா வாங்கி வந்து, செம்பனை மரத்துக்குப் போடுகிற உரத்தைக் கத்திரிக் கன்றுகளுக்கு அள்ளிப் போட்டேன். சின்னக் கன்றுகள் கருகிப்போயின. தாங்கியவை இலை இலையாகத் தழைத்தன. பார்க்க அத்தனை அழகு, ஒரு பூ கிடையாது. கணவர் வேலை முடிந்து வந்து வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "கொழம்புக்குக் கத்திரி இலை போடப்போறியா?" என்பார். அந்த நண்பரோடு அவர் போனில் பேசுகிற சத்தம் கேட்டாலே நான் குழாயைத் திறந்துகொண்டு தண்ணீர் ஊற்றப் போய்விடுவேன்.

பக்கத்து வீட்டு ரம்புத்தான் மரம் வேறு என் உயிரை வாங்கியது. பாதிக் கிளை எங்கள் பக்கம். நாள் முழுக்க இலை கொட்டும். நான் கூட்டிக் கூட்டிப் பையில் கட்டிக் குப்பை லோரிக்குக் கொடுப்பேன். கூட்டிவிட்டுத் திரும்பினால் மறுபடி கிடக்கும். வெயில் காலத்தில் கூட்டிய தரை பாளம் பாளமாக வெடித்தது. மழை வந்ததும் மேல்மண் கரைந்து கால்வாயில் ஓடியது. ஊற்றுகிற தண்ணீர் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. இதற்கும் விளக்குமாற்றுக்கும் சம்பந்தம் உண்டென்று எனக்குத் தோன்றவே இல்லை. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். தீபாவளி நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் கெட்டது. தோற்றுவிடுவேன், அவர் பெட்டியைக் கட்டிவிடுவார் என்று பயந்துகொண்டே இருந்தேன்.

காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடினால் விழத்தானே வேண்டும்? ஒரு நாள் இலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவசரமாகப் போனவள், கால்வாயில் காலை விட்டுவிட்டேன். கணுக்கால் வீங்கிப் பந்தாகிவிட்டது. சில வாரம் நடக்கவே கூடாது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். கட்டிலில் கிடந்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி நீட்டிப் பார்த்தேன். கணவர் வேலைக்குப் போய் வந்து கஞ்சி வைப்பார், காலுக்குத் தைலம் தேய்ப்பார், செடிகளுக்குத் தண்ணீரும் ஊற்றுவார். கூட்டுங்கள் என்றால் மட்டும் காது கேட்காது. "ஆம்பள வெளக்கமாத்தப் புடிச்சுக்கிட்டு வெளிய நின்னா தாமானே சிரிக்கும்" என்று சொல்லிவிட்டார். நான் திட்டினேன். கெஞ்சினேன். இலை கொட்டிக்கொண்டே இருந்தது.

கால் ஊன்ற முடிந்த அன்று நொண்டிக்கொண்டு போனேன். தரையே தெரியவில்லை. முதலில் கைதான் விளக்குமாற்றைத் தேடியது. குனிந்து ஒரு பிடி இலையை அள்ளினேன். அடியில் மண் கறுப்பாக, ஈரமாக, தொட்டால் குளிர்ந்தது. மண்புழு நெளிந்தது. கத்திரிச் செடி அத்தனையிலும் ஊதாப் பூ. வெண்டையில் பிஞ்சு விட்டிருந்தது. நான் விதைக்காத ஒரு பூசணிக்கொடி, என்றோ கொட்டிய கழிவிலிருந்து முளைத்து, வேலியைப் பிடித்து ஏறியிருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இத்தனை மாதம் இடுப்பொடியக் கூட்டிக் கூட்டி, செடி உண்ண வேண்டியதை மூட்டை கட்டிக் குப்பைக்காரனுக்குக் கொடுத்திருக்கிறேன்.

அன்றைக்கு விளக்குமாற்றைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் வைத்தேன். அதன் பிறகு வாசலுக்கு மட்டும்தான் அதை எடுத்தேன். பக்கவாட்டு நிலத்தைத் தொடவில்லை. கூட்டாமல் இருப்பது எனக்குப் பெரிய பாடாகத்தான் இருந்தது. அக்கம்பக்கத்தில் யாராவது எட்டிப் பார்த்தால், "கால் வலிலா அக்கா, அதான் குப்பையா கெடக்குது" என்று நானாகவே சொல்லிவைப்பேன். இருந்தாலும் வீட்டுக்குள் காய் வந்துகொண்டிருந்தது.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மதியம் சமைத்துப் பரிமாறினேன். கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, வெண்டைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, பச்சை மிளகாய் போட்ட கங்கோங் பிரட்டல், பொரித்த மீன். மீனையும் சோற்றையும் தவிர எல்லாம் வீட்டுக் காய்தான். அவர் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினார். ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளே குதிக்க வேண்டும்போல் இருந்தது.

சாப்பிட்டு முடித்தும் கை கழுவ எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். "எனக்கு ஒரே கவலையா இருந்துச்சு" என்றார். "நான் போயிட்டா நீ தனியா என்னா பண்ணுவியோன்னு. வேலையும் போச்சு, ஒரு எடத்துல ஒக்காரவும் மாட்டே. இப்ப அந்தக் கவலையில்ல. நீ சமாளிச்சுக்குவே. அதான் அந்த சிங்கப்பூர்க் கூட்டாளிகிட்ட சரின்னு சொல்லிட்டேன். தீபாவளி முடிஞ்சதும் கெளம்பணும்."

"நீங்க போகக் கூடாதுன்னுதான இவ்வளவும் செஞ்சேன்" என்றேன்.

"கையில காசு பத்தாதேன்னு செஞ்சே. அது எனக்குத் தெரியாதா?"

"காசுக்காக இல்ல." கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். "நீங்க இல்லாம இந்த வீட்டுல என்னால இருக்க முடியாது. அதான்."

அவருடைய எச்சில் கை தட்டிலேயே காய்ந்துகொண்டிருந்தது. "இத நீ அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லா" என்றார். "நான் அவனுக்கு வாக்குக் குடுத்திருக்க மாட்டேன்."

தீபாவளி முடிந்ததும் அவரைப் பட்டர்வொர்த்தில் பேருந்து ஏற்றிவிட்டு வந்தேன். கொடுத்த வாக்கை மீறுகிற ஆள் இல்லை அவர். அவர் அப்படி இருப்பதால்தான் இத்தனை வருடமும் நான் அவரை நம்பி வாழ்ந்தேன். அதனால் அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை.

அவர் போன பிறகு கத்திரிச் செடிகள் எல்லாம் ஒன்றாகக் காய்க்க ஆரம்பித்தன. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன், கோயில் அன்னதானத்துக்குக் கொடுத்தேன், அப்படியும் மிஞ்சியது. சாயங்காலம் வேலை முடிந்ததும் அவர் போன் செய்வார். சாப்பிட்டியா, இன்னிக்கு என்னா கொழம்பு என்பார். கத்திரிக்காய்க் குழம்பு என்பேன். வெளியே காய் முற்றிப் பழுத்துத் தொங்கும். நான் அடுப்பைப் பற்றவைக்காமல், மேசையருகே உட்கார்ந்து பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருப்பேன்.