இரத்தினபுரியிலிருந்து ஜீபீஎஸ் கருவியோடு திரும்பிய நாள்

2008 செப்டெம்பர் 13, சனிக்கிழமை, காலை 6.10. யட்டியாந்தோட்டைக்கு மேலே ஆறு கிலோமீற்றரில் இருக்கும் எங்கள் றப்பர் தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். ஓடோமீற்றரில் 41,386. பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு முடிந்து, பால் வெட்டுகிறவர்கள் வாளிகளோடு மலைக்குப் பிரிந்து போய்க்கொண்டிருந்தார்கள். பின்னால் என் மனைவி புஷ்பம் உட்கார்ந்திருந்தாள். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. அன்று லீவு போட்டிருந்தாள். என்னைவிட நன்றாகச் சிங்களம் பேசுவாள். அவளை அழைத்துப் போனதற்கு முதல் காரணம் அதுதான்.

நான் தோட்ட ஆபீசில் கிளாக்கர். ஞாயிறுகளில் பக்கத்துத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் போய், அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பேன். கொழும்பில் உள்ள ஒரு சிறிய அமைப்பு இந்த வேலைக்கு உதவுகிறது. போன முறை அவர்கள் அனுப்பிய, அட்டைக்குப் புகைப்படம் எடுக்கும் வான் வண்டி றப்பர் மலைகளுக்குள் வழி தவறி இரண்டு நாள் சுற்றியது. அட்டைக்குப் படம் பிடிக்க நல்ல சேலை கட்டிக்கொண்டு காத்திருந்த பெண்கள் இருட்டிய பிறகு வீட்டுக்குப் போனார்கள். அதனால் இம்முறை, மோட்டார் சைக்கிளில் பொருத்தக்கூடிய ஜீபீஎஸ் கருவி ஒன்றை வாங்கி ஒவ்வொரு லயமும் இருக்கும் இடத்தைக் குறித்து அனுப்பும்படி எழுதியிருந்தார்கள். முப்பதாயிரம் ரூபாய்க்குள் வாங்க வேண்டும். கூடவே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு கடிதம் இருந்தது.

யுத்த காலத்தில் அப்படிப்பட்ட சாமானை வைத்திருக்கத் தனி அனுமதி வேண்டுமா என்பது அந்த அமைப்புக்கும் உறுதியாகத் தெரியவில்லை. எங்கள் தோட்டத்து லொறி ட்ரைவரை இரண்டு பழைய கைத்தொலைபேசிகளுக்காகப் பதினொரு நாள் பொலிசில் அடைத்து வைத்துவிட்டுத்தான் விட்டார்கள். அவரிடம் அடையாள அட்டை இருந்தது, சொல்வதற்குக் காரணமும் இருந்தது. எங்களுக்கு அன்றைக்கு ஒரே கேள்விதான்: கருவியோடு வீடு வந்து சேருவோமா?

7.25. அவிசாவளையில் முதல் சோதனைச்சாவடி. அட்டைகளைப் பார்த்தார்கள், எங்கே போகிறோம் என்று கேட்டார்கள். இரத்தினபுரிக்குச் சாமான் வாங்க என்றாள் புஷ்பம். ஒரு நிமிடத்தில் விட்டுவிட்டார்கள். வெறுங்கையோடு போகிறவனுக்கு அந்த வீதி அவ்வளவு எளிது.

9.05. இரத்தினபுரி, எழுபது கிலோமீற்றர். மாணிக்கக்காரர்களின் தெருவில் மடித்த தாள்களைத் திறந்து கற்களை வெயிலுக்குப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள், என் சட்டைப்பையையும் ஒரு பார்வை பார்த்தார்கள். கல் வியாபாரிகள் வெளிநாடுகளிலிருந்து கொண்டு வரும் கமெராவும் தராசும் கைக்கடிகாரமும் விற்கும் மாடிக் கடை ஒன்று எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. கடைக்காரரை எல்லாரும் ஜவாத் நானா என்கிறார்கள். நோன்பு மாதம். ஆனாலும் எங்களுக்கு டீ வரவழைத்திருந்தார். புஷ்பம் கோப்பையைத் தொடக் கூசினாள்.

"நோன்பு எனக்குத்தான் மகள், ஒங்களுக்கு இல்ல. குடிங்க, ஆறிப்போகும்."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு குடித்தாள்.

கண்ணாடி மேசைமேல் இரண்டு கருவிகளை வைத்தார். இரண்டும் பாவித்தவை. முதலாவது காருக்கானது, அகலத் திரை, வர்ணப் படம், ஆங்கிலத்தில் பேசும் பெண் குரல். வளைகுடா நாடொன்றிலிருந்து வந்தது. விலை 38,000, முப்பதுக்குத் தருவதாகச் சொன்னார். இரண்டாவது உள்ளங்கை அளவு. கறுப்பு வெள்ளைத் திரை, இரண்டு பென்டோர்ச் பற்றரிகள், விலை 24,500. அது வழி சொல்லாது. நாம் நிற்கும் இடத்தைக் குறித்து வைக்கும். குறித்த இடத்துக்குத் திரும்பிப் போக அம்புக்குறி காட்டும். குழாயைத் திறந்து அதன்மேல் தண்ணீர் விட்டுக் காட்டினார்.

"கல்லக் கழுவுற மாதிரி கழுவலாம். ஆனா என்ட பேச்ச நம்பி எடுக்க வாணாம். ரெண்டையும் கொண்டுபோய் ஓடிப் பாருங்க."

"வண்டியோட ஓடிட்டா என்னா செய்வீங்க நானா?" என்று கேட்டாள் புஷ்பம்.

"எங்க ஓடினீங்கன்னு அந்தச் சாமானே செல்லும்."

9.50. பெல்மதுளை வீதி. ட்யூப் ரப்பரை நாடாவாக வெட்டி, காருக்கான கருவியை முதலில் ஹேண்டிலில் கட்டினேன். திரையில் வீதியே இல்லை. சாம்பல் நிற வெறுமையின் நடுவில் எங்கள் அம்புக்குறி மட்டும் நின்றது. மூன்றாவது கிலோமீற்றரில் அந்தப் பெண் குரல், முடிந்தால் திரும்பிச் செல்லுங்கள் என்றது.

"என்னாங்க சொல்லுது?"

சொன்னேன்.

"கெட்டிக்காரி. நான் காலையிலேயே சொன்னேன், இந்தம்மாவுக்கு இப்பத்தான் வெளங்குது."

தூறல் விழுந்ததும் அதைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். பிறகு சின்னதைக் கட்டினேன். அது காட்டும் தூரம் சரியா என்று பார்க்க அசையாத அடையாளங்கள் தேவை. எட்டுக் கிலோமீற்றருக்குக் கிலோமீற்றர் கற்கள், பாலங்கள், சந்திகள் ஒவ்வொன்றிலும் நிறுத்தி இடத்தைக் குறித்து, ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாகத் தேடிப் பெயரும் கொடுத்தேன். மொத்தம் இருபத்து மூன்று. அவற்றையே நேரத்தோடு என் நாட்குறிப்பிலும் எழுதினேன். எட்டுக் கிலோமீற்றரில் பிழை நாற்பது மீற்றருக்கும் குறைவு. ஒரு றப்பர் தோட்டத்துப் பாதைக்குள் இறங்கியதும் மர நிழலில் கருவி குருடாகிவிட்டது. வெட்டவெளிக்கு வந்த நாற்பதாவது செக்கனில் கண் திறந்தது. லயங்களுக்கு முன்னால் எப்படியும் ஒரு வாசல்வெளி இருக்கும். அது போதும் என்று முடிவு செய்தேன்.

1.15. சின்னதை வாங்கினோம். நானா கருவியின் இலக்கத்தையும் சேர்த்துச் சிங்களத்தில் பில் எழுதினார். நான் அதைப் பைக்குள் அடியில் வைக்கப் போனதும் கையைப் பிடித்தார்.

"நான் செல்லுறத கேளுங்க தம்பி. ஒளிக்க வாணாம். ஒளிச்சா நல்ல சாமானும் கெட்ட சாமானாப் போயிடும். வண்டியிலயே கட்டிக்கிட்டுப் போங்க."

2.35. எஹலியகொடை. தேநீர்க் கடையில் பணிஸ் தின்றோம். புஷ்பம் கருவியை எடுத்து, நான் சொல்லிக் கொடுத்தபடி பட்டியலைத் திறந்து எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"பிரிட்ஜ் ஒண்ணு. பிரிட்ஜ் ரெண்டு. ஜங்சன். ட்ரான்ஸ்போமர். பிரிட்ஜ் மூணு. ஆமி பொயின்ட்..." குரல் இறங்கியது. "ஏங்க, ஒரு கோயில் கூட இல்லியா? பாலமும் ஆமியுமா பொறுக்கி எழுதியிருக்கீங்க."

"தூரம் சரியான்னு பாக்கத்தான் புள்ள."

"அத என்கிட்ட ஏன் சொல்றீங்க? அவிசாவளையில நிக்கிறவங்ககிட்ட சொல்லுங்க."

கடித்த பணிஸைத் தட்டில் வைத்தேன். பாலங்களையும் இராணுவக் காவலிடத்தையும் குறித்த ஒரு பட்டியலோடு அந்த வீதியில் போன தமிழனுக்கு என்ன நடக்கும் என்பதை எழுதிய நான் யோசிக்கவில்லை. அடையாளம் தெளிவாக இருக்க வேண்டும் என்று மட்டும் யோசித்திருக்கிறேன். மேசைக்குக் கீழே வைத்து அழிக்கத் தொடங்கினேன். "மேல வைங்க, ஒளிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். மேலே வைத்தேன். ஒரு புள்ளியை அழிக்க ஆறு முறை அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும், நிச்சயமா என்று கேட்கும். எல்லாவற்றையும் ஒன்றாக அழிக்க வழி இருந்ததை மறுவாரம்தான் கண்டுபிடித்தேன். 2.58க்குப் பட்டியல் வெறுமையானது.

நாட்குறிப்பு மீதி இருந்தது. 1993 முதல் எழுதி வருகிறேன், ஒரு தாள் கிழித்ததில்லை. ஒற்றைத் தாளின் இரு பக்கமும் அந்த இருபத்து மூன்று. கிழித்துக் கொடுத்தேன். புஷ்பம் சுடுதண்ணீர் கேட்கும் சாக்கில் குசினிக்குப் போய் அதை அடுப்பில் வைத்துவிட்டு வந்தாள்.

3.35. அவிசாவளைச் சோதனைச்சாவடி. ஹேண்டிலில் இருந்ததைத் தொட்டு, "மேக்க மொகத்த?" என்றான் சிப்பாய். இது என்ன என்று கேட்கிறான். கடிதத்தைக் கொடுத்தேன். அவன் கருவியையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு மண்மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த சார்ஜனிடம் போனான். எங்களையும் கூப்பிட்டார்கள்.

சார்ஜன் பொத்தான்களை அழுத்திப் பார்த்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். அதில் ஒரு புள்ளிக்கோடு இருந்தது. பெல்மதுளை வீதியில் போனது, வந்தது, குருவிட்டை, எஹலியகொடை, இந்தச் சாவடி வரைக்கும். கருவி தானாகவே வழியை வரைந்துகொண்டு வந்திருக்கிறது. இடங்களை அழித்த நான் கோட்டை மறந்துவிட்டேன்.

இதை யார் வரைந்தது என்று கேட்டார். புஷ்பம் சிங்களத்தில் சொன்னாள்: "அது தானாக எழுதும் சேர். இந்த மனிதரும் அப்படித்தான். எத்தனை மணிக்கு எங்கே போனோம், எங்கே தேத்தண்ணி குடித்தோம் என்று யாரும் கேட்காமலே எழுதுவார். ஒருவரோடேயே குடும்பம் நடத்த முடியவில்லை, இப்போது இரண்டு பேராகிவிட்டார்கள்."

சார்ஜன் சிரித்தார். சிரித்து முடித்ததும், "எங்கே அந்தக் கொப்பி?" என்று கையை நீட்டினார்.

புஷ்பத்தின் முகம் வெளிறியதைப் பார்த்தேன். கொப்பியைக் கொடுத்தேன். தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவரை அழைத்தார்கள். நடுவயது மனிதர், மட்டக்களப்புப் பக்கத்துப் பேச்சு. அன்றைய பக்கத்தை விரலால் தடவி வாசித்தார். 6.10 புறப்பாடு. 7.25. 9.05. அடுத்தது 2.35. விரல் கிழிந்த ஓரத்தில் நின்றது.

"ஒம்பதுக்கும் ரெண்டரைக்கும் நடுவில ஒண்டும் எழுதல்லியா?"

"மழையில நனைஞ்சிருச்சுங்க ஐயா. கிழிச்சிட்டேன்."

ஓரம் காய்ந்த தாளாக, நேராகக் கிழிந்திருந்தது. மற்றப் பக்கங்களில் ஈரமே இல்லை. அவர் என்னையும் பார்த்தார், புஷ்பத்தையும் பார்த்தார். பிறகு சார்ஜனிடம் சிங்களத்தில், கிலோமீற்றர் கணக்கும் தேத்தண்ணியும்தான், வேறொன்றும் இல்லை என்று சொல்லிக் கொப்பியை மூடினார். ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு இன்றும் தெரியாது. நன்றி சொல்லும் இடமும் அது அல்ல.

ஆனாலும் சும்மா விடவில்லை. தடித்த பதிவேடு ஒன்றில் சார்ஜன் எங்கள் பெயர்கள், அட்டை இலக்கங்கள், வண்டி இலக்கம், பில்லைப் பார்த்துக் கருவியின் இலக்கம் எல்லாவற்றையும் எழுதி, கையெழுத்துப் போடும்படி என் பக்கம் திருப்பினார். பக்கத்தின் தலைப்பில் திகதி 12 என்று இருந்தது. அது முந்தைய நாளின் பக்கம். புது நாளுக்குத் தலைப்பு இடாமலே எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். அன்று பதின்மூன்று. வாயைத் திறந்தேன். புஷ்பம் என் முழங்கையைத் தொட்டாள். வெள்ளிக்கிழமையின் கீழே கையெழுத்துப் போட்டேன். அப்போது நேரம் 4.22.

தெஹியோவிட்டை தாண்டியதும் திகதி விஷயத்தைச் சொன்னேன்.

"திரும்பிப் போயி திருத்தச் சொல்லப் போறீங்களா?"

"இல்ல."

"அப்பச் சரி." கொஞ்ச தூரம் போனதும் காதருகே குனிந்தாள். "நேத்து இந்த ரோட்டுல குண்டு கிண்டு ஒண்ணும் வெடிக்கலியேங்க?"

எனக்குத் தெரியவில்லை. முந்தைய நாள் முழுவதும் நான் ஆபீசில் தொழிலாளர் வேலைநாள் கணக்கான செக்ரோல் எழுதிக்கொண்டிருந்தேன். ஆனால் அவர்கள் புத்தகத்தின்படி ஜீபீஎஸ் கருவியோடு அவிசாவளையில் நின்றிருக்கிறேன்.

5.50க்கு வீடு. ஓடோமீற்றர் 41,546. லயங்களின் வாசலில் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள், பீலியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கருவி நல்ல கருவிதான். அடுத்த ஐந்து ஞாயிறுகளில் முப்பத்தொரு லயங்களைக் குறித்து அனுப்பினேன். வான் ஒரு நாளும் வழி தவறவில்லை. பிரதான வீதியில் மட்டும் பற்றரிகளைக் கழற்றி வைத்திருப்பேன். தோட்டத்து மண்பாதை தொடங்கியதும் போடுவேன்.

இரத்தினபுரி போய் வந்த இரண்டாம் நாள், திங்கட்கிழமை, ஆபீசுக்குப் பத்து மணிக்குப் பத்திரிகை வந்தது. வழக்கமாக முதல் பக்கத்திலிருந்து வாசிப்பவன், அன்று நின்றபடியே வெள்ளிக்கிழமை என்ற சொல்லை ஒவ்வொரு பக்கமாகத் தேடினேன். அவிசாவளை வீதியில் எதுவும் நடந்ததாக இல்லை. செவ்வாய்க்கிழமைப் பத்திரிகையிலும் தேடினேன்.