கப்பல்காரர் கொல்லாத ஆளை நான் கொன்றது

போன வாரம் கடையில் ஓடு நீக்கிய நிலக்கடலைப் பொட்டலம் ஒன்றைக் கையில் எடுத்தேன். உரிக்கும் வேலையே இல்லை. அப்படியும் கட்டைவிரல் நகம் விண்ணென்று வலித்தது. நகத்துக்கு இருக்கும் ஞாபகசக்தி எனக்கு இருந்திருந்தால் கணக்கில் தேறியிருப்பேன்.

எழுபதுகளில், கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் எருத்தேன்பதியில், விதைப்புக்கு முன்னால், எங்கள் களத்துக் கொட்டகையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து விதைக்கடலை உரிப்பார்கள். பருப்பு உடையக் கூடாது, அதனால் கைவேலைதான். கை ஓட வேண்டுமென்றால் கதை ஓட வேண்டும். பேச்செல்லாம் தமிழ் என்றாலும் பள்ளிக்கூடம் போன ஓரிருவரும் மலையாளம்தான் படித்திருந்தார்கள். ஆகவே பொள்ளாச்சி பஸ்ஸில் வரும் வாரப் பத்திரிகையை உரக்க வாசிக்கும் உத்தியோகம், பதினொரு வயதில், தமிழ்ப் பள்ளியில் படித்த எனக்கு. சம்பளம் வாய் நிறையக் கடலை.

எழுத்தாளர்களின் பெயர் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. பேய்க்காரர், அழுவாச்சிக்காரர், கப்பல்காரர், அவ்வளவுதான். பேய்க்காரர் புண்ணியத்தில் கொல்லைப்பக்கம் போக எனக்கு அம்மா துணை வேண்டியிருந்தது. கப்பல்காரர்தான் என் தெய்வம். அவர் தொடர்கதையில் நாயகன் பர்மாவுக்குப் போகிறான், மனைவி காத்திருக்கிறாள்.

உரிக்க வருகிறவர்களில் ரங்கம்மக்காவின் புருஷன் இடுக்கி மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போனவர். அதன்பிறகு ஆளும் இல்லை, தகவலும் இல்லை. வாராவாரம் நான் பத்திரிகையைப் பிரிக்கும் முன்பே அக்கா கேட்பார்.

"ஏந்தம்பி, அவன் வந்துட்டானா?"

கதையில் வருகிறவனைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

புயலில் கப்பலைக் கவிழ்த்துவிட்டுக் கப்பல்காரர் 'தொடரும்' போட்டார். அடுத்த வாரம் எங்கள் கேரளப் பக்கம் பணிமுடக்கு, அதாவது வேலைநிறுத்தம். பஸ் எல்லையிலேயே திரும்பிவிட்டது.

"இன்னைக்கு கதை இல்லீங்க," என்றேன்.

"கதையில்லாம எப்புடிக் கை ஓடும்? நீதான் அத்தன படிக்கறயே, என்னாச்சுன்னு நீயே சொல்லு கண்ணு," என்றார் மாராத்தாள், கொட்டகையின் அதிகாரி.

யோசிக்க நேரமில்லாத எழுத்தாளன் செய்வதையே நானும் செய்தேன். நாயகனைச் சுறாமீனுக்குக் கொடுத்தேன். வட்டம் முழுக்க உச்சுக்கொட்டியது. என்னை நானே மெச்சிக்கொண்டிருக்கையில் ரங்கம்மக்கா முறத்தை வைத்துவிட்டு எழுந்து போனார்.

"பெரிய கதைக்காரன். அவ ஊட்டு நெலம தெரியாதா உனக்கு?" என்றார் மாராத்தாள். சொல்லச் சொன்னவரும் அவர்தான்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. கூடவே பயமும் பிடித்தது. இடுக்கியில் அந்த நிஜ ஆளுக்கு ஏதாவது ஆனால் அதுவும் என் தலையில்தான் விடியும். சுறாவுக்கு வயிற்றுவலி வரவேண்டுமென்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். அக்கா கொட்டகைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

ஒருவழியாகப் பஸ் ஓடியது. பத்திரிகையை ரோட்டிலேயே பிரித்தேன். கப்பல்காரர் கைவிடவில்லை. நாயகன் பலகை ஒன்றைப் பிடித்துக் கரையேறியிருந்தான். அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

"சாகலீங்கக்கா. உசுரோடதான் இருக்கறான்."

"நீயே கொல்லுவ, நீயே பொழைக்க வெப்ப. போ சாமி."

எழுத்தைக் காட்டிப் பயனில்லை. படத்தைக் காட்டினேன். ஓவியர் அவனைக் கிழிந்த சட்டையும் தாடியுமாக மணலில் நிறுத்தியிருந்தார். அக்கா பத்திரிகையை வாங்கி, வாசல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"தாடி வெச்சா ஆம்பளைக அல்லாரும் ஒரே மாதிரித்தான் இருக்கறாங்க," என்றார். பிறகு, "படி. மெதுவாப் படி."

அவருக்கு மட்டும் ஒருமுறை வாசித்தேன். அவர் கேட்டதற்காக இன்னொரு முறையும். மறுநாள் அக்கா வேலைக்கு வந்தார். அவர் புருஷன் அந்த வருஷமும் வரவில்லை.

கடலைக்காடெல்லாம் இப்போது தென்னந்தோப்பு. அந்தப் பத்திரிகை நின்றுபோய் வெகுகாலம். கப்பல்காரர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரிவதில்லை. நானும் எப்போதாவது கதை எழுதுகிறேன். தாராளமாக ஆட்களைக் கொல்கிறேன். நன்றாக இருக்கிறது என்கிறார்கள். கோபித்துக்கொண்டு எழுந்துபோக ஒருத்தர் இல்லை.