மூன்றாவது பெடல்

என் கணவருக்கு இடது கால் கிடையாது. கல்யாணத்துக்கு முன்பே ஒரு லாரி விபத்தில் போய்விட்டது. அதனால்தான் இடது காலால் மிதிக்கும் கிளட்ச் இல்லாத ஒரு பழைய வெளிநாட்டுக் காரைத் தேடி வாங்கினார். வேளாங்கண்ணி வரை எங்களை அதில் கூட்டிப் போயிருக்கிறார்.

போன வருஷம் அதன் கியர்பாக்ஸ் பழுதாகி நின்றது. செக்காலையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் பாய், "இந்த ஆட்டோமேட்டிக்குக்குச் சாமான் எங்கயும் கிடைக்கல அண்ணே. கிளட்ச் வச்ச கியர்பாக்ஸ்தான் மாட்டணும். ஆனா நீங்க எப்படி ஓட்டுவீக?" என்று தயங்கினார்.

"மாட்டிருங்க பாய். இனி இவ ஓட்டுவா. எடுத்த லைசென்சு சும்மாதான கிடக்கு."

எனக்குக் கோபம் வந்தது. "இதை வித்துட்டு உங்களுக்குத் தோதா வேற வாங்குவோம்," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "கண்ணு மங்கிட்டு வருது. டாக்டரு ஓட்டக் கூடாதுன்னுட்டாரு. வண்டி பழுதாகுறதுக்கு முந்தி, ஒக்கூர் ரோட்டுல ஆட்டு மந்தையைக் கிட்டப் போய்த்தான் பார்த்தேன். நீ பயந்துருவேன்னு சொல்லல."

பாய் வேறு கியர்பாக்ஸை மாட்டி, அதற்கேற்பப் பின்சக்கரங்களுக்குப் போகும் நீளத் தண்டை அளவுக்கு வெட்டிச் சேர்த்து, கிளட்ச் பெடலையும் வைத்துக் கொடுத்தார். அந்தக் காரில் முதல்முறையாக அவர் இடதுபக்கம் ஏறி உட்கார்ந்தார். நான் தடுமாறியபோதெல்லாம் இன்ஜின் சத்தத்தை வைத்தே, "இப்ப மாத்து" என்றார். ஊரைத் தாண்டியதும், "வெளியில என்ன தெரியுது? சொல்லிட்டே வா," என்று மெதுவாகக் கேட்டார்.

கண்மாயில் தண்ணீர் கிடப்பதைச் சொன்னேன். கொக்குகள் நிற்பதைச் சொன்னேன்.

எத்தனையோ வருஷம் அவர் பக்கத்தில் தூங்கிக்கொண்டே போயிருக்கிறேன். வழியில் அவர் என்னென்ன பார்த்தார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.