நீலப் பொடி வாங்குகிற ஜீனத்

ஜீனத் எதையும் மறக்க மாட்டாள். அவளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது அதுதான். அது நல்ல குணமா கெட்ட குணமா என்பது நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நான் நின்ற பக்கம் சரியில்லை.

திருவண்ணாமலை தேரடி வீதியில் செருப்புக்கடை வைத்திருக்கும் நசீர் அகமதுவின் மகள் அவள். கெமிஸ்ட்ரி படித்தவள். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களை நம்பி அர்ஜுனன் சார் தொடங்கிய முகப்பூச்சு கம்பெனியில் மூலப்பொருள் வாங்குவது அவள் வேலை. நான் எழில், அடி அண்ணாமலைக்காரி. அதே கம்பெனியில் கலவைப் பிரிவில் இருந்தேன். மத்தியானம் ஒரே டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்டவர்கள் நாங்கள்.

அவள் வாங்கியதிலேயே விலை ஜாஸ்தியானது பெப்டைடு. புரதத்தின் சின்னச் சின்னத் துண்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு வேண்டியது செம்பு சேர்ந்த வகை. கெட்டியான நீலத்தில் பொடியாக இருக்கும், அலுமினியப் பையில் அடைத்து ஐஸ் கட்டியோடு கூரியரில் வரும். முகச்சுருக்கம் போகும் என்று சொல்லி விற்போம். போகுமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஒவ்வொரு லாட்டோடும், அதாவது ஒவ்வொரு தடவை தயாரித்த சரக்கோடும், அதைச் சோதித்த சர்டிபிகேட் ஒன்று வரும். அதில் ஒரு வரைபடம் இருக்கும். நடுவில் ஓங்கி நிற்கும் முனைதான் சரக்கு. அடியில் இருக்கும் குட்டி மேடுகள் கலப்பும் அழுக்கும். ஒருநாள் அதை எனக்கு விளக்கினாள்.

"உங்க ஊர்ல இருந்து பாத்தா மலை ஒரு மாதிரி, எங்க தெருவுல இருந்து பாத்தா வேற மாதிரி. போட்டோவ வச்சே எங்க நின்னு எடுத்தான்னு சொல்லிடுவோம்ல? இதுவும் அப்படித்தான். லாட்டுக்கு லாட்டு அடிவாரம் மாறும். ரெண்டு லாட்டுக்கு ஒரே அடிவாரம் வந்துச்சுனா, எவனோ ஜெராக்ஸ் போட்டிருக்கான்னு அர்த்தம்."

சென்னையில் இருந்து தருமன் என்றொரு ஏஜென்ட் போனில் பேசிப் பேசியே உள்ளே வந்தான். முதல் லாட் அனுப்பினான். ஜீனத் அதில் கொஞ்சம் எடுத்து வெளி லேபுக்கு அனுப்பிவிட்டு என்னிடம் வந்தாள். "ரிசல்ட் வர்ற வரைக்கும் இதத் தொடாத எழிலு." சரி என்றேன். மறுநாள் அவள் தங்கை நிக்காஹுக்கு வேலூர் போய்விட்டாள். ஆர்டர் நிற்கிறது என்று அர்ஜுனன் சார் கத்திக்கொண்டே இருந்தார். நான் பையைப் பிரித்தேன். நீலம் வெளுத்திருந்தது. பார்த்துவிட்டுத்தான் கலவையில் கொட்டினேன்.

லேப் ரிசல்ட் வருவதற்கு முன்பே, மூன்றே வாரத்தில் வீங்கிய கன்னத்தோடு ஒரு வெள்ளைக்காரம்மா கம்பெனி வாசலில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் ஒன்பது பேர். அர்ஜுனன் சார் எல்லாரையும் தன் ரூமுக்குக் கூப்பிட்டு, தருமனுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ரெண்டு தரம் இருக்குனு சொன்னேன் சார்," என்றான் தருமன். "உங்க மேடந்தான் கம்மி தரமே போதும்னாங்க. அவங்களுக்கு வேண்டியத நான் தனியா செஞ்சுட்டேன். அத இப்ப எதுக்குப் பேசிக்கிட்டு."

ஜீனத் போனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "எழிலு, தொடாதன்னு சொன்னேன்ல? சொல்லு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "எனக்கு ஞாபகம் இல்ல சார்," என்றேன்.

அன்று சாயந்திரமே அவளை அனுப்பிவிட்டார்கள். திருவண்ணாமலை எவ்வளவு பெரிய ஊர்? ஒரு வாரத்தில் 'கமிஷன் ஜீனத்' ஆகிவிட்டாள். பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றுபோனது. இரண்டு வருஷம் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். தருமனின் முதல் லாட்டோடு வந்த சர்டிபிகேட்டை மட்டும் கண்ணாடித் தாள் உறையில் போட்டு வைத்திருந்தாள்.

பிறகு வேலூர் ரோட்டில் ஒரு பெரிய கம்பெனி வந்தது. அதில் சேர்ந்தாள், அடுத்த இரண்டே வருஷத்தில் வாங்குகிற பிரிவுக்கே தலைமை ஆனாள். தருமனை அவள் தேடிப் போகவில்லை. பெப்டைடு வாங்குகிற இடத்தில் உட்கார்ந்திருந்தால் அவனாக வருவான் என்று அவளுக்குத் தெரியும். வந்தான். வருஷ ஆர்டருக்கு ஆசைப்பட்டு மூன்று லாட் சாம்பிள் அனுப்பினான். மூன்று சர்டிபிகேட்டிலும் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னாள். போட்டுத் தந்தான்.

அப்புறம்தான் எனக்கு போன் வந்தது. "நாளைக்குப் பதினோரு மணிக்கு வா." நாலு வருஷத்தில் அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு. மன்னித்துவிட்டாள் என்று நினைத்து, இனிப்புகூட வாங்கிக்கொண்டு போனேன்.

தருமன் எதிர் நாற்காலியில் இருந்தான். என்னை மூலையில் உட்காரச் சொன்னாள். பழைய சர்டிபிகேட்டையும் புதியதில் ஒன்றையும் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். வெயிலில் இரண்டு மலையும் ஒரே மலையாகத் தெரிந்தன. இடது பக்கம் குட்டி மேடு, அதன் தோளில் இன்னொன்று. அச்சு அசல்.

"டைப்பிங் மிஸ்டேக் மேடம்," என்றான்.

"நாலு வருஷம் முன்னாடி. செங்கம் ரோடு கம்பெனி. நான் கமிஷன் வாங்கினேன்னு சொன்னீங்க."

தருமன் நிஜமாகவே யோசித்தான். "மன்னிச்சுக்குங்க மேடம், அது எந்த கம்பெனி?"

அவள் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. நாலு வருஷமாக அவள் சுமந்தது அவனுக்கு ஞாபகத்திலேயே இல்லை. நடிக்கிறான் என்றாலாவது தாங்கியிருப்பாள். எனக்கே அவனை அறைய வேண்டும் போல் இருந்தது, எனக்கு அந்த யோக்கியதை இல்லாவிட்டாலும்.

வெள்ளைத்தாளையும் பேனாவையும் தள்ளினாள். 'ஜீனத் கமிஷன் வாங்கவில்லை, நான் பொய் சொன்னேன்' என்று அவள் சொல்லச் சொல்லத் தருமன் எழுதிக் கையெழுத்திட்டான். அதை வாங்கி வைத்துக்கொண்டு, மூன்று சர்டிபிகேட்டிலும் நிராகரிப்பு முத்திரை குத்தினாள். "இந்த ரெண்டு படமும் உங்க கையெழுத்தோட, நீங்க சரக்குப் போடற எல்லா கம்பெனிக்கும் இன்னிக்கே போகுது."

"எழுதிக் குடுத்தா விட்டுடுவீங்கனு நினைச்சேன் மேடம்!"

"நான் அப்படிச் சொன்னேனா?"

அவன் போன பிறகு, அதே பேனாவோடு இன்னொரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினாள். இனிப்புப் பொட்டலம் என் மடியில் இருந்தது. நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"நாளைக்கு டீ நேரத்துல, அதே ரூம்ல, எல்லாரும் இருக்கறப்ப அவன் தாள், உன் தாள் ரெண்டையும் நீ படிக்கணும்."

"என் வேலை போயிடும் ஜீனத்."

"எனக்கும் போச்சு," என்றாள்.

மறுநாள் அர்ஜுனன் சார் ரூமில் பதினோரு பேர் டீ கிளாஸோடு நின்றார்கள். ஜீனத் வாசற்படியில் நின்றாள், உள்ளே வரவில்லை. தருமனின் தாளைச் சத்தமாகப் படித்துவிட்டேன். என்னுடையதில், 'தொடாதே என்று ஜீனத் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது' என்ற இடத்தில் குரல் உள்ளே போய்விட்டது.

"கேக்கல எழிலு," என்றாள் வாசலில் இருந்து. "மொதல்ல இருந்து படி."

முதலில் இருந்து படித்தேன்.