கம்பளிக்கு நடந்த சண்டை

போன வாரம் மழையில் நனைந்த சுவெட்டரை இஸ்திரிப் பெட்டி வைத்து உலர்த்தப் பார்த்தேன். என் புத்தி அவ்வளவுதான். கருகிய ஈரக் கம்பளி நாற்றம் வீடெல்லாம் பரவ, மகள் ஜன்னல்களைத் திறந்துகொண்டே திட்டினாள். நான் எங்கே அதைக் கேட்டேன்? பீர்மேட்டில், தொழிலாளர் வரிசை வீடான ஒரு லயத்து அடுப்பங்கரையில் நின்றுகொண்டிருந்தேன்.

தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளிகளுக்கு ஆளுக்கொரு கறுப்புக் கம்பளி கொடுப்பார்கள். மழைக்குக் குடை, ராத்திரிக்குப் போர்வை எல்லாம் அதுதான். புதுசு முதல் மழையில் நனைந்தால் அடிக்கிற வீச்சம், ஒரு கிடா பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி இருக்கும். எனக்குக் கிடையாது. பத்தாவது தேறிப் பிள்ளைக் காப்பகத்தில் சேர்ந்த 'ஸ்டாஃப்' அல்லவா நான். அந்தப் பெருமையில் நனைந்தே திரிந்தேன்.

எழுபதுகளின் நடுவில், நெருக்கடிநிலைக் கெடுபிடிக் காலம். கிறிஸ்துமஸுக்குள் புரட்சி வந்துவிடும், பிறகு புதுப்புடவை எதற்கு என்று துணிகூட எடுக்காமல் இருந்தேன். காரணம் தேவசகாயம். ஏலக்காட்டு முதலாளியின் கிட்டங்கியை உடைத்து, அரிசியைக் கூலிக்காரர்களுக்குப் பங்கு வைத்துவிட்டுக் காட்டுக்குள் போனவர். அவரைத் தேடி ஜீப்புகளில் ஆயுதப் போலீஸ் வந்தது. எங்களுக்கு அது பட்டாளம். புதர் புதராகத் துப்பாக்கி முனையால் குத்திப் பார்த்தார்கள். ஆள் கிடைக்கவில்லை. பாறை இடுக்கில் ஒரு கம்பளி கிடைத்தது. தோள்பக்கம் நெருப்புப் பொறி விழுந்த ஓட்டை.

ஓட்டையைப் பார்த்ததுமே பெண்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. செல்லத்தாயி அக்காவுடையது. தேவசகாயத்துக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தவள்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோரையும் நிறுத்தி, அதிகாரி அதைத் தூக்கிக் காட்டினார். "இது ஆருடெயா?" யாருடையது என்று மலையாளத்தில் கேட்டுவிட்டு, உடையவள் போலீஸ் முகாமுக்கு வரவேண்டும் என்றார். அதற்கு முன்பு அங்கே போன ஒருத்தி, தம்ளரைப் பிடிக்க முடியாத கைகளோடு திரும்பி வந்திருந்தாள்.

எங்கள் லயத்து ராகேல் அக்கா வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

"ஏட்டி மரியா, எங் கம்பளியக் களவாண்டது நீதானா? பட்டாளம் வந்து கண்டுபிடிச்சுத் தரவேண்டியிருக்கு பாரு."

"ஒங் கம்பளியா? கண்ணத் தொறந்து பாருட்டி. அது எங்க அடுப்புப் பொறி பட்ட ஓட்ட."

"ஒங்க அடுப்புல என்னைக்குட்டி தீ எரிஞ்சுது?"

ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். இன்னும் நாலு பேர் பாய்ந்தார்கள். ஆவேசம் வந்து நானும் ஓடி, "அது என்னோடது சார்" என்றேன்.

"ஸ்டாஃபுக்கு ஏது பிள்ளே கம்பளி?" என்றார் கங்காணி.

மாட்டிக்கொண்ட என்னை ராகேல் அக்காதான் வெளியே இழுத்துப் போட்டாள். "நல்லாக் கேளுங்க கங்காணி. எங்கிட்ட இரவல் வாங்கி இந்த மரியாவுக்குக் குடுத்திருக்கா. படிச்ச களவாணி."

பிறகு செல்லத்தாயியை உலுக்கினாள். "நீ என்னட்டி ஊமையா நிக்கே? ஒனக்கும் வேணுமாக்கும்?"

"வேணுந்தான். அது எங் கம்பளி."

அத்தனை பேரில் உண்மை சொன்னவள் அவள் ஒருத்திதான். அதிகாரி அவள் பக்கம் திரும்பவே இல்லை. எல்லோரையும் ஏற்றுவேன் என்று கத்தினார். "ஏறுங்கட்டி" என்று ராகேல் அக்கா ஜீப்பை நோக்கி நடந்தாள்; களமே பின்னால் நடந்தது. கொழுந்து முற்றுகிற பருவம்; பறிக்க ஆள் இல்லாவிட்டால் அத்தனையும் வீண். தோட்டத்துத் துரை ஓடிவந்து அதிகாரியின் காதில் ஏதோ சொன்னார். கம்பளியைச் சேற்றில் வீசிவிட்டு ஜீப்புகள் இறங்கிப் போயின.

தேவசகாயம் பிடிபட்டதாக எந்தப் பேப்பரிலும் வரவில்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் செல்லத்தாயியும் லயத்தில் இல்லை. எங்கே போனாள் என்று கங்காணி கேட்டார்.

"எங்கிட்ட அவ சொல்லுவாளா? எங்களுக்குத்தான் சண்டையாச்சே" என்றாள் ராகேல் அக்கா.

இன்று லயம் இல்லை. பெரட்டுக் களத்தில் சொகுசு விடுதிக்காரர்கள் கார் நிறுத்துகிறார்கள். முகாம் இருந்த கட்டடத்தின் சுவரைப் பிளந்து ஆலங்கன்று வளர்ந்திருக்கிறது. ராகேல் அக்கா, மரியா, கங்காணி யாரும் இல்லை. தேவசகாயமும் செல்லத்தாயியும் எங்கே போனார்கள் என்று அறிந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம்.

நீங்கள் கேட்டாலும் சொல்வதாக இல்லை.